கடையில் ஓடிய மடிக்கணினி, அலுவலகத்தில் பூட்டிக்கொண்டது: பழைய கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் பழைய மடிக்கணினிகளை விற்கும் கடை ஒன்றில் 23,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கணினி, பதினேழாம் நாளில் எதற்கும் உதவாத பெட்டியாகிவிட்டது. படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்குச் சேரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இப்படிப்பட்ட கடைகளைத் தேடித்தான் வருகிறார்கள் என்பதால், நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி. காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சென்ற மே மாதம் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலமான முதல் மூன்று மாதங்களும் சொந்த மடிக்கணினியையே பயன்படுத்த வேண்டும் என்று பணி ஆணையிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். பணகுடி, முப்பந்தல், கயத்தாறு என நாளுக்கொரு பக்கம் போக வேண்டிய வேலை இது. காலை ரயிலில் திருநெல்வேலி வந்து, வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பேருந்தைப் பிடித்தால்தான் பணகுடிக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியும். மே முதல் செப்டம்பர் வரை காற்றுப் பருவம் என்பதால், ஒரு காத்தாடி ஒரு மணி நேரம் நின்றாலும் அது எதனால் நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்பதை அன்றைக்கே எழுதி அனுப்பியாக வேண்டும். ஆகவே மடிக்கணினி இல்லாமல் முதல் வாரத்தைக்கூட ஓட்ட முடியாது. பிசான நெல் விற்று வந்த பணத்திலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்த தொகை புதிய கணினிக்குப் போதவில்லை.

பழைய கணினி விற்பனையே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திய கணினிகளை மொத்தமாகக் கழித்துவிடுவதும், அவற்றை வியாபாரிகள் வாங்கிச் சீர்செய்து விற்பதும் முறையான தொழில்தான். என்னுடன் படித்த இருவர் அப்படி வாங்கிய கணினிகள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. அந்த நம்பிக்கையில்தான் நானும் சென்றேன்.

கடைக்காரர் கணினியை இயக்கிக் காட்டினார். திரை தெளிவாக இருந்தது, விசைகள் எல்லாம் வேலை செய்தன, வைஃபையில் இணைத்து ஒரு காணொளியையும் ஓட்டிக் காட்டினார். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஐந்து மணி நேரம் நிற்கும் என்று முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தார். நான் பில் கேட்டபோது, “பில் போட்டா பதினெட்டு சதவீதம் கூடும் தம்பி, உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று கூறி, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதில் கடையின் பெயரோ, ஜிஎஸ்டி எண்ணோ, கணினியின் வரிசை எண்ணோ இல்லை. பதினைந்து நாள் டெஸ்டிங் வாரண்டி என்று வாயால் சொன்னதோடு சரி. பணத்தை ஜிபே வழியாகச் செலுத்தியபோது திரையில் வந்தது கடையின் பெயரல்ல, வேறொரு தனிநபரின் பெயர். அந்த இடத்திலேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். மறுநாள் வேலைக்குச் சேர வேண்டிய அவசரத்தில் கேட்காமல் வந்துவிட்டேன்.

பேட்டரி முதல் வாரத்திலேயே தன் நிலையைக் காட்டிவிட்டது. திருநெல்வேலியில் பேருந்து ஏறித் திறந்த கணினி, வள்ளியூர் தாண்டுவதற்குள் அணைந்துவிடும். மின்வசதி உள்ள அறை கிடைக்கும் வரை குறிப்பேட்டில் எழுதி வைத்து, இரவு வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்து சமாளித்துக்கொண்டிருந்தேன். உண்மையான சிக்கல் பதினேழாம் நாள் வெளிப்பட்டது. நிறுவனத்தின் மென்பொருளை நிறுவுவதற்கு முன், பழைய தகவல்கள் எதுவும் இல்லாதபடி விண்டோஸை முழுமையாக ரீசெட் செய்வது எங்கள் அலுவலக வழக்கம். கணினிப் பிரிவு அண்ணன் அவ்வாறு ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும், வரவேற்புத் திரையில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றி, அந்நிறுவன ஊழியரின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அதற்கு மேல் ஓர் அடியும் நகர முடியவில்லை.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மைக்ரோசாப்ட்டின் ஆட்டோபைலட் என்னும் ஏற்பாட்டில், ஒரு நிறுவனம் தன் கணினிகளின் வன்பொருள் அடையாளத்தைத் தன் கணக்கில் பதிந்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு இருப்பது மைக்ரோசாப்ட்டின் சர்வரில் என்பதால், விண்டோஸை எத்தனை முறை அழித்து நிறுவினாலும், புதிதாக அமைக்கும்போது இணையம் கிடைத்த உடனே கணினி பழைய உரிமையாளரைத் தேடும். கணினியைக் கழித்துவிடும்போது அந்தப் பதிவை நிறுவனம் நீக்கிவிட வேண்டும். என் கணினிக்கு அது நீக்கப்படவில்லை. கடைக்காரரோ இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸை நிறுவி, இணையம் தேவைப்படாத, அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் உள்ளூர்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி வைத்திருக்கிறார். அமைப்பு வேலை முடிந்த பின் வைஃபையில் இணைத்தால் பூட்டு வெளியே தெரியாது. எனக்குக் காணொளி ஓட்டிக் காட்டியது அந்த நிலையில்தான்.

அன்று மாலையே கடைக்குப் போனேன். “நீங்கதான செக் பண்ணி வாங்கிட்டுப் போனீய, பதினஞ்சு நாளும் முடிஞ்சு போச்சுல்லா” என்பது பதில். மேலும் 6,000 ரூபாய் கொடுத்தால் வேறு கணினி தருவதாகச் சொன்னார். பூட்டு விஷயம் அவருக்கு முன்பே தெரியுமா என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை. தெரியாத ஒருவர் இணையத்தைத் துண்டித்து விண்டோஸ் போட வேண்டிய தேவை என்ன என்பது என் கேள்வி. அடுத்த பத்து நாட்களும் பணகுடியில் மூத்த தொழில்நுட்பர் அண்ணாச்சி ஒருவரின் கணினியை அவர் சாப்பிடும் நேரத்தில் இரவல் வாங்கித்தான் என் அறிக்கைகளை அனுப்பினேன். பயணப்படிப் பட்டியலை நேரத்தில் அனுப்ப முடியாததால் முதல் மாதப் பயணப்படியும் தள்ளிப்போனது. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சட்டத்தை நான் தாமதமாகத்தான் படித்தேன். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் கொடுக்காமல் விற்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதில் அடங்கும். பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலம், குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்பது அதன் கணக்கு. என் சீட்டில் எந்தக் காலமும் எழுதப்படவில்லை. வாயால் சொன்ன பதினைந்து நாளைக் காட்டி அவர் என்னை அனுப்பியபோது நான் நின்றிருந்தது பதினேழாம் நாளில். பதினெட்டு சதவீதக் கதையும் முழு உண்மையல்ல. உள்ளீட்டு வரி வரவு (பொருளை வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காத பழைய பொருள் வியாபாரிகள், தாங்கள் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி செலுத்த ஜிஎஸ்டி விதிகளில் இடமிருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அவர்கள் கடைக்குத் தகவல் அனுப்பிச் சமரசம் செய்ய முயல்வார்கள், உத்தரவு போட முடியாது. கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து, ஜிபே பதிவு, வாட்ஸ்அப் செய்திகள், பெங்களூர் நிறுவனத்தின் பெயர் தெரியும் திரையின் படம் ஆகியவற்றை இணைத்து, பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதமும் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள், கடையிலேயே உங்கள் கண்முன் கணினியை ரீசெட் செய்யச் சொல்லி, முதல் அமைப்புத் திரையிலேயே உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், காத்திருங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்தால் வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை உண்டு. பேட்டரியின் தொடக்கக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் அது அருகருகே காட்டும். என் கணினியில் பின்னது முன்னதில் பாதிகூட இல்லை. பழைய கைபேசி வாங்குவதாக இருந்தால், ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி வரும், அந்தக் கைபேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிடலாம்.

அண்மையில் ‘எஸ்டிமேட்’ சீட்டோடு மடிக்கணினி வாங்கியவர்கள் இன்றிரவே தங்கள் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கணினியை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்துப் பாருங்கள். பூட்டு இருந்தால் 30 நாள் கடப்பதற்குள் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.