வசிப்பிட மாற்றத்துக்கு 20 புள்ளி: கிளிநொச்சியில் ஒரு செயலமர்வு

கடந்த மாதம் கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியோரக் கட்டடமொன்றின் மேல்மாடியில், 'ஊக்கல், மனவெழுச்சி, மன அழுத்தம்' என்ற தலைப்பில் சனி, ஞாயிறு இரு நாள்களும் நடைபெற்ற செயலமர்வில் பங்குபற்றினேன். கட்டணம் 4,000 ரூபாய். மதியச் சாப்பாடும் கையேடும் அதற்குள் அடங்கும். வந்திருந்த முப்பது பேரளவில் பெரும்பாலானோர் என்னைப் போன்ற ஆசிரியர்கள். வாராவாரம் தவணைப் பணம் வாங்கப் போகும் நுண்நிதி நிறுவன இளைஞர்கள் மூவரும் இருந்தார்கள்.

முதல் நாள் காலை எல்லோருக்கும் ஒரு தாள் தரப்பட்டது. அமெரிக்க உளமருத்துவர்களான தோமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் 1967இல் வெளியிட்ட, வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளியிடும் 43 வரிப் பட்டியலின் தமிழாக்கம் அது. வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, திருமணத்துக்கு 50, மாமன் மாமி வீட்டாருடனான பிணக்குக்கு 29 என்று இறங்கிச் செல்லும் அப்பட்டியலில், கடந்த ஓராண்டில் தமக்கு நேர்ந்தவற்றைக் குறித்துக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 300ஐத் தாண்டினால் நோய்வாய்ப்படும் வாய்ப்பு மிக அதிகம் என்பது அதை ஆக்கியோரின் கருத்து. 'வசிப்பிட மாற்றம்' என்பதற்கு நேரே 20 என்றிருந்தது. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த முன்பள்ளி ஆசிரியையான அக்கா ஒருவர், பேனையை அந்த வரியிலேயே வைத்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு எழுந்து, "சேர், முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேருறதுக்குள்ள நாங்கள் பதினொரு தரம் இடம்பெயர்ந்தனாங்கள். இதில எத்தினை இருபது போடுறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், கேட்டவரும் சிரித்தார். செயலமர்வை நடத்திய வளவாளர் சிரிக்காமல் நின்றதை மதிக்கிறேன். ஆனால் "கடைசி 12 மாதத்தை மட்டும் எழுதுங்கோ அக்கா" என்பதற்கு மேல் அவரிடம் விடை இருக்கவில்லை.

விடை இருந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு 500 என்று ஒரு பெறுமானத்தை முதலில் வைத்துக்கொண்டு, ஏனைய நிகழ்வுகளுக்கு ஒத்துப்போக அதனிலும் கூடுதலான முயற்சி வேண்டுமா குறைவான முயற்சி போதுமா என்று சில நூறு பேரை மதிப்பிடச் சொல்லி, கிடைத்த சராசரியைப் பத்தால் வகுத்துத்தான் இப்புள்ளிகள் பெறப்பட்டன. அவர்கள் மனத்தில் இருந்தது லொறியில் தளபாடம் ஏற்றிப் புது வீட்டுக்குப் போகும் மாற்றமேயன்றி, உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரத்தை ஏற்றிக்கொண்டு போய், இறங்கிய இடத்தில் முதல் வேலையாகப் பங்கர் வெட்டும் மாற்றம் அன்று. இதைச் சொல்லாமல் அத்தாளை வன்னியில் விநியோகிப்பது பொறுப்பற்ற செயல் என்பேன்.

உளவியலாளர்களான ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் விரிவாக எழுதிய கருத்தை அந்த இடத்தில் எடுத்திருந்தால் அக்காவுக்கு ஓரளவு விடை கிடைத்திருக்கும். நிகழ்வைவிட, 'இது எனக்கு என்ன கேடு செய்யும்', 'இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது' என்று மனம் போடும் இரு கணக்குகளே நெருக்கீட்டின், அதாவது சுமையால் மனத்தில் உண்டாகும் இறுக்கத்தின், அளவைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். காலபோக வெள்ளத்தில் இருவரின் வயல் ஒரே அளவில் அழிந்தாலும், கனடாவில் தம்பி இருப்பவரும் திங்கட்கிழமை தவணை கட்ட வேண்டியவரும் ஒரே இரவைக் கழிப்பதில்லை. இதற்கு ஒதுக்கப்பட்டதோ இரண்டாம் நாளின் கடைசி அரைமணி நேரம். அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிட்டார்கள்.

உணவு, பாதுகாப்பு போன்ற தேவைகள் கீழேயும் தன் திறனை நிறைவேற்றும் தேவை உச்சியிலுமாக அமையும், உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை வழமைபோலப் பிரமிட்டாக வரைந்தார்கள். அவரது 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்தப் பிரமிட்டும் இல்லை, கீழ்ப்படி நிறையாமல் மேற்படி எழாது என்ற இறுக்கமும் இல்லை. 2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர்களை அறிந்த மண்டபத்தில் அதை விளக்க வேறு உதாரணமே தேவையில்லை.

யேர்க்ஸ், டொட்சன் என்ற உளவியலாளர்களின் ஆய்வைப் பற்றிய பகுதிதான் ஆசிரியர்களாகிய எங்களுக்குக் கொடுத்த காசுக்குப் பயன் தந்தது. மின்னதிர்ச்சி கொடுத்துச் சுண்டெலிகளைப் பழக்கிய அவர்களின் 1908ஆம் ஆண்டு ஆய்வு, இலகுவான வேலையை வலுவான தூண்டலிலும் கற்கலாம், கடினமான வேலைக்கு மிதமான தூண்டலே ஏற்றது என்று காட்டியது. எலியிலிருந்து வகுப்பறைக்குத் தாவுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எனினும் வாய்ப்பாட்டுக்கு வேலை செய்யும் அதட்டல் வசனக் கணக்குக்கு ஏன் வேலை செய்வதில்லை என்று வளவாளர் கேட்டபோது, நான் என் ஒன்பதாம் ஆண்டு வகுப்பைத்தான் நினைத்தேன். மூச்சை மெதுவாக, நீட்டி வெளிவிடும் பயிற்சியும் நன்று. மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்த நேரத்திலும் அதைத் தொடர்ந்து செய்தோம்.

கையேட்டில் ஒரு பெருங்குறை உண்டு. மூன்றாம் பக்கத்தில் நெருக்கீட்டையும் பதினோராம் பக்கத்தில் மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வையும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லால் குறித்திருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சியோடு முடிக்கக்கூடியது எது, வைத்தியரிடம் போக வேண்டியது எது என்று வாசிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? தேசிய உளநல உதவி இலக்கமான 1926கூட எங்கும் அச்சிடப்படவில்லை.

அடுத்த தடவை நடந்தால், ஆசிரியர்கள் முதல் நாளுக்கு மட்டும் போகலாம், நடத்துவோர் அரைக் கட்டணத்துக்கு இணங்கினால். வாரக்கணக்கில் உறக்கமில்லை, சாப்பாட்டில் மனமில்லை என்பவர்கள் அந்த 4,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகட்டும். அங்கே கட்டணம் கிடையாது.