ஆயாவின் அண்டாவுக்கு ஈயம் பூசிய கடை

சவுகார்பேட்டையில், மின்ட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைகளுக்கு நடுவே பெயர்ப்பலகை இல்லாத கடை. கரி அடுப்பு, காற்று ஊத ஒரு சின்ன மோட்டார், ஒரு பெரியவர், கூட ஒரு பையன். அவ்வளவுதான். பித்தளைப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் நம்பிப் போகலாம்.

நான் கொண்டுபோனது எங்க ஆயாவின் அண்டா. ஆயா புளியந்தோப்புக்காரர். தாத்தாவுக்குப் பின்னி துணி மில்லில் வேலை. 1996-ல் மில் மூடியதும் வாசலில் இட்லிக் கடை போட்டு, அம்மாவையும் இரண்டு மாமாக்களையும் கரையேற்றியவர் ஆயாதான். வளையல் அடகுக்குப் போனது, கம்மலும் போனது. அண்டா போகவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற அது வேண்டுமே. "எம் புள்ளைங்க நல்லாருக்கணும்னு ஊத்துறது, அத்தப் போயி வெப்பனா?" என்பார்.

முந்தின ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார். விடிவதற்குள் நொய் வேகவைத்து, மாவை ஊற்றிக் கிண்டி, ஆறியதும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ப்பார். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. தெருவே குடித்து முடித்த பிறகுதான் தனக்கென்று ஒரு சொம்பு. அதிலும் பாதியை என்னைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்.

ஆயா போனபின் அண்டா பரணில் கிடந்தது. உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. அதில் புளித்த கூழை வைத்தால் களிம்பு ஏறும். எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

பூசுவது உடம்புக்கு ஆகாத காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டதற்குப் பெரியவர் கோபப்படவில்லை. ஒரு ஈயக் கம்பியை என் காதருகே வளைத்தார். நொறுநொறுவென்று சத்தம். காரீயத்தில் அது வராது என்றார். அண்டாவை உள்ளே மண்போட்டுத் தேய்த்து, நெருப்பில் காட்டி, ஈயம் ஒட்டுவதற்காக நவச்சாரம் என்ற உப்பைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை. சூட்டிலேயே ஈயத்தைத் தொட்டுத் தொட்டு வைத்துத் துணியால் இழுக்க, உட்புறம் முழுக்க வெள்ளி போல ஆனது. அடிமூலைகூட விட்டுப்போகவில்லை.

வெளிப்பக்கம் மெருகு போட்டபோது விளிம்பில் மட்டும் மெஷினை வைக்கவில்லை. அங்கே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். ஆயா பெயர் இல்லை, பிள்ளைகள் மூவரின் பெயர். "எழுத்து தேஞ்சிடும்மா, கையாலயே தேச்சிட்டேன்" என்றார். சொல்லாமலே இதைச் செய்கிறவரிடம் எந்தப் பாத்திரத்தையும் கொடுக்கலாம்.

குறை என்றால், சொன்ன நாளுக்கு மறுநாள்தான் கிடைத்தது. மெருகுக்குக் கூலி தனி, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதீர்கள், கம்பி நாரால் தேய்க்காதீர்கள். ஆடி நெருங்கினால் கூட்டம் சேரும். கூழ் ஊற்றுகிறவர்கள் ஆனியிலேயே கொடுத்துவிடுங்கள்.