காசில்ஸ் ஆஃப் பர்கண்டி: எந்த எண்ணும் வீணாகாத பகடையாட்டம்

பகடை உருளும் ஆட்டம் என்றாலே, யோசித்து வகுத்த திட்டத்தை ஒற்றை எண் கவிழ்த்துவிடும் என்று ஒதுங்குகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஸ்டெஃபான் ஃபெல்ட் வடிவமைத்து 2011இல் வெளிவந்த 'காசில்ஸ் ஆஃப் பர்கண்டி' அந்தத் தயக்கத்தைப் போக்கியது. 15ஆம் நூற்றாண்டு பிரான்சில், லுவார் பள்ளத்தாக்கின் பிரபுக்களாக 2 முதல் 4 பேர் வரை அமர்ந்து, 37 அறுகோண இடங்கள் கொண்ட தத்தம் நிலப்பலகையை நிரப்பிக்கொண்டு போவதே ஆட்டம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த எண் எதுவோ, பொதுப்பலகையில் அந்த எண்ணுள்ள கிடங்கிலிருந்து ஒரு சில்லை (அறுகோண அட்டைத் துண்டை) எடுக்கலாம். எடுத்து வைத்திருக்கும் சில்லை, நிறமும் எண்ணும் பொருந்துகிற, ஏற்கெனவே நிரப்பிய இடத்தை ஒட்டிய காலி இடத்தில் பதிக்கலாம். அந்த எண்ணுக்குரிய சரக்கை விற்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் இரண்டு வேலையாட்களைப் பெறலாம். வேலையாள் ஒருவரைச் செலவிட்டால் பகடை எண்ணை ஒன்று கூட்டவோ குறைக்கவோ முடியும், 1ஐ 6 ஆக்கவும் முடியும். மோசமான எண் விழுந்த சுற்றுகூட அடுத்த சுற்றுக்கான முதலீடாகிவிடுகிறது.

இதன் உண்மையான இறுக்கம் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து சுற்றுகள், சுற்றுக்கு இரண்டு பகடைகள்: மொத்தம் 50 செயல்கள். ஒரு சில்லை எடுக்க ஒன்று, பதிக்க ஒன்று என்று செலவழித்தால் 25 சில்லுகளோடு கதை முடிந்துவிடும். தொடக்கத்திலேயே பதித்திருக்கும் ஒரு கோட்டைச் சில்லு போக 36 இடங்கள் காலியாக இருக்கின்றன. ஆகவே, பதித்தவுடன் எந்த எண்ணாகவும் கொள்ளத்தக்க கூடுதல் செயலைத் தரும் கோட்டைகளையும், இன்னொரு சில்லை உடனே பதிக்கவிடும் நகர மன்றத்தையும், நடுக்கிடங்கில் சில்லு வாங்க உதவும் வெள்ளிக்காசுகளையும் தேடி ஓடுகிறவரே முந்துகிறார்.

அண்மையில் ஆடியபோது மூன்றாம் கட்டத்தில் எனக்கு 2ம் 5ம் விழுந்தன. என் மேய்ச்சல் நிலத்தில் நான்கு ஆடுகள் உள்ள சில்லும் ஒரு மாட்டுச் சில்லும் இருந்தன. மிச்சமிருந்த இடத்துக்கு வேண்டிய எண் 3. கடைசி வேலையாளைக் கொடுத்து 2ஐ 3 ஆக்கி, மூன்று ஆடுகள் உள்ள சில்லைப் பதித்தேன். பழைய ஆடுகளும் மீண்டும் கணக்கில் சேர்ந்ததால் 7, மூன்றிட நிலம் நிறைந்ததற்கு 6, மூன்றாம் கட்டத்திலேயே நிறைத்ததற்கு மேலும் 6 என ஒரே பகடையில் 19 புள்ளிகள். (மாடுகள் வேடிக்கை பார்த்ததோடு சரி.) அதையே முதல் கட்டத்தில் முடித்திருந்தால் 6க்குப் பதில் 10 கிடைத்திருக்கும் என்பதை எதிரே இருந்தவர் உடனே நினைவூட்டினார்.

குறைகளும் உண்டு. முதல் பதிப்பில் நிலப்பலகைகள் மெல்லிய அட்டையாகவே இருந்தன. கோட்டையின் கரும்பச்சையும் மேய்ச்சல் நிலத்தின் இளம்பச்சையும் மங்கிய விளக்கில் குழப்புகின்றன. மடாலயச் சில்லுகள் 26ம் 26 விதம் என்பதால், புதியவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டியபடியே ஆட வேண்டியிருக்கிறது. பிரபுக்களின் ஆட்டம் என்றாலும் போரோ முற்றுகையோ கிடையாது. அடுத்தவர் கண் வைத்த சில்லை முந்தி எடுப்பதுதான் அதிகபட்சப் பகைமை. நேரடி மோதலை விரும்புகிறவர்களுக்கு இது சப்பென்றிருக்கும்.

நான்கு பேர் ஆடும்போது காத்திருப்பு நீள்கிறது. இருவர் ஆடும்போதுதான் இது கச்சிதமாக இருக்கிறது. முதன்முறை ஆடுகிறவர்கள் வெவ்வேறு அமைப்புள்ள பலகைகளைத் தொடாமல், எல்லோரும் முதலாம் எண் பலகையையே எடுத்துக்கொள்வது நல்லது.