பெரிய பேட்டரியா, சிக்கனமான சில்லா? மடிக்கணினி வாங்குமுன் ஓர் ஒப்பீடு

2020-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் மடிக்கணினியை இருமுறை புதுப்பித்து வெளியிட்டது. முதலில் வந்தது இன்டெல் ப்ராசசருடனும், நவம்பரில் வந்தது நிறுவனத்தின் சொந்த எம்1 சில்லுடனும் வந்தன. இரண்டிலும் பேட்டரியில் தேங்கும் மின்னாற்றலின் அளவு 49.9 வாட்-மணிதான், எடையும் அதே 1.29 கிலோ. ஆனால் வைஃபை வழியாக இணையம் பார்க்கும்போது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு நிறுவனம் அறிவித்த அளவு முன்னதற்கு 11 மணி, பின்னதற்கு 15 மணி. பேட்டரி சிறிதும் பெரிதாகவில்லை, எடை கூடவில்லை, ஆயினும் நான்கு மணி நேரம் கூடியது. பேட்டரியின் வாட்-மணியைக் கணினி சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால் கிடைப்பதே நமக்குரிய நேரம் என்பதால், வகுபடும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் கணக்கின் பாதியைத்தான் பார்க்கிறார்.

அந்த எண்ணைக்கூடச் சில விளம்பரங்கள் நேராகச் சொல்வதில்லை. மில்லி ஆம்பியர்-மணி மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதை வோல்ட்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 4,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 11.55 வோல்ட்டில் 46 வாட்-மணி, 15.4 வோல்ட்டில் ஏறக்குறைய 62.

அப்படியானால் பெரிய பேட்டரி வீண் என்று பொருளா? இல்லை. 2021-இல் வந்த எல்ஜி கிராம் 16, தன் 16 அங்குலத் திரையோடும் 80 வாட்-மணி பேட்டரியோடும் 1.19 கிலோதான் எடையுள்ளது; 13 அங்குல மேக்புக் ஏரைவிடவும் இலேசு. மக்னீசியக் கலவை உடல் அதற்குக் கைகொடுக்கிறது. அது சராசரியாக 8 வாட் இழுத்தால் 10 மணி நேரம் ஓடும். 50 வாட்-மணி பேட்டரி கொண்ட சிக்கனமான கணினி 4 வாட் இழுத்தால் 12 மணிக்கும் மேல் ஓடும். எழுத்து, மின்னஞ்சல், வாசிப்பு என்றிருப்பவருக்கு இரண்டாவதே மேல் என்பது என் கருத்து. அது மடியில் சுடுவதும் குறைவு. நாள் முழுவதும் இரண்டு ஆவணங்களை அருகருகே திறந்து வைத்து வேலை செய்பவர் மட்டும் பெரிய திரைக்காக முதலாவதை எடுப்பதில் நியாயம் உண்டு.

சிக்கனம் இனி ஆப்பிளுக்கு மட்டும் உரியதல்ல. 2024-இல் விண்டோஸ் கணினிகளுக்குக் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வந்தது. அதே ஆண்டில் இன்டெல் தன் லூனார் லேக் சில்லுகளை இறக்கியது. இரண்டுமே குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் ஓடுபவை. ஆனால் அவற்றுக்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டியவை வேறு வேறு. ஸ்னாப்டிராகன், இன்டெல் வகையிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகைச் சில்லு; அதில் பழைய மென்பொருள்கள் பெரும்பாலும், கட்டளைகளை மாற்றித் தரும் மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியாக ஓடிவிடும்; பழைய பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் மென்பொருள்களோ ஆர்ம் வகைக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். லூனார் லேக்கில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் நினைவகம் சில்லோடு ஒன்றாகவே பொதியப்பட்டிருப்பதால், 16 ஜிபி வாங்கியவர் கடைசிவரை 16 ஜிபியோடுதான் இருக்க வேண்டும். வீட்டில் பழைய கருவி எதுவும் இல்லாதவருக்கு இரண்டில் எதுவும் குறையில்லை.

கேமிங் மடிக்கணினிகளை இந்தப் பந்தயத்தில் சேர்ப்பதே தவறு. 90 வாட்-மணி பேட்டரி என்று பெருமையாக அச்சிட்டிருந்தாலும், விளையாட்டில் 90 வாட் இழுத்தால் ஒரே மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். பேட்டரியைக் கூட்டிக்கொண்டே போகவும் வழியில்லை: விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய வரம்பு 100 வாட்-மணி என்பதால் பெரிய கணினிகள் 99-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. இதற்கு மேல், 330 வாட் சார்ஜர் மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். விசைப்பலகை பூட்டிய டேப்லெட்டும் நாம் நினைப்பதுபோல் இலேசல்ல. தாங்கியோடு கூடிய நல்ல விசைப்பலகையைச் சேர்த்தால் மெல்லிய மடிக்கணினியின் எடையே வந்துவிடும்.

நாம் தோளில் சுமப்பது கணினியை மட்டுமல்ல, சார்ஜரையும் சேர்த்துத்தான் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். யுஎஸ்பி-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஆகும் கணினி என்றால் கைப்பேசிக்கும் அதற்கும் ஒரே சார்ஜர் போதும். தனி முனை கொண்ட சார்ஜரைக் கேட்கும் கணினி 200 கிராம் இலேசாக இருந்தாலும் அந்த இலேசு பையில் கரைந்துவிடும்.

திரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் பின்னணியில் மின்செலவு குறையும். வெள்ளைப் பக்கத்தில் நாள் முழுதும் தட்டச்சு செய்தால் அதுவே கூடும். விளம்பரங்களில் காணும் 18 மணி, 22 மணி போன்ற எண்கள் பெரும்பாலும் காணொளி ஓட்டி அளந்தவை. சுருக்கிச் சேமித்த காணொளியை விரிப்பதற்கென்றே சில்லில் தனிப்பகுதி இருப்பதால் அந்த வேளையில் ப்ராசசர் ஏறக்குறைய உறங்குகிறது. இருபது உலாவித் தாவல்களும் ஒரு காணொளிக் கூட்டமும் சேர்ந்தால் நிலைமை வேறு.

உறக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது: முன்பு நான் வைத்திருந்த கணினி, மூடிப் பையில் வைத்த பிறகும் உள்ளே விழித்துக்கொண்டு, ஒரு பயணத்தின் முடிவில் கைசுடும் சூட்டோடும் 9 விழுக்காட்டுச் சார்ஜோடும் வெளியே வந்தது. இது எந்த விவரப்பட்டியலிலும் இருக்காது. மூடி வைத்த ஓர் இரவில் எத்தனை விழுக்காடு குறைகிறது என்பதை ஏற்கெனவே வாங்கியவரிடம் கேட்பதே வழி.

இப்போது நான் பயன்படுத்தும் கணினிக்கு மூன்று வயதாகிறது. விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் அதன் தொடக்கக் கொள்ளளவு 57,000 மில்லிவாட்-மணி, இன்றைய கொள்ளளவு 41,800. நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. எப்போதும் மின்இணைப்பிலேயே முழுச்சார்ஜில் வைத்திருந்த என் பழக்கத்துக்கு அதில் பங்குண்டு. சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தும் அதைத் தாமதமாகவே இயக்கினேன். ஆகவே, மூன்றாம் ஆண்டிலும் எட்டு மணி நேரம் வேண்டும் என்பவர், வாங்கும் நாளில் தம் சொந்த வேலைக்குப் பதினொரு மணி நேரமாவது தாங்கும் கணினியைத் தேட வேண்டும்.