உப்பளத்து வெயிலில் எட்டு ஆண்டுகள்: ஒரு கூலிங் கிளாஸும் அதன் உத்தரவாதமும்

2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் மதுரையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விற்பனை நிலையம் ஒன்றில் 7,900 ரூபாய்க்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். அதற்கு முன் அந்தப் பொருளுக்கு நான் செலவிட்ட அதிகபட்சத் தொகை 350 ரூபாய் என்பதால், வீட்டில் அதன் விலையை ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். தூத்துக்குடியில் உப்பளம் ஒன்றின் கணக்கையும் மேற்பார்வையையும் கவனிப்பது என் வேலை. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் பாத்தி வரப்புகளில் நடக்க வேண்டியிருக்கும். கண் மருத்துவர் இரண்டு முறை எச்சரித்த பிறகே இந்தச் செலவுக்குத் துணிந்தேன். வெளிநாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. உலோக பிரேம், போலரைஸ்டு லென்ஸ், இரண்டு ஆண்டு உத்தரவாதம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த எட்டு ஆண்டுகளில் அதைப் பழுதுபார்க்க நான் அலைந்த அலைச்சலை மட்டும் பதிவு செய்கிறேன்.

போலரைஸ்டு லென்ஸ் எதற்கு என்பதை உப்பளத்தில் நிற்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. தேங்கிய உப்புநீரில் பட்டுத் திரும்பும் ஒளியின் பெரும்பகுதி கிடைமட்டத்தில் அதிர்வது. அதை மட்டும் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று லென்ஸுக்குள் இருப்பதால், கண்ணைக் குத்தும் பளபளப்பு அடங்கி, பாத்தியின் அடியில் படிந்திருக்கும் உப்பு தெரிகிறது. வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் முன் இந்த வித்தை பலிக்காது. அங்கிருந்து சிதறி வரும் வெண்மை எல்லாத் திசையிலும் அதிர்வதால், லென்ஸின் கருமை மட்டுமே கைகொடுக்கும். எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த தகட்டிலிருந்து வளர்ந்த நுட்பம் இது. அந்தப் படலத்தை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்து ஒட்டித்தான் பெரும்பாலான லென்ஸ்களைச் செய்கிறார்கள். ஒட்டிய பொருள் எதுவானாலும் ஒரு நாள் பிரியும் என்பதை வாங்கும்போது நான் யோசிக்கவில்லை.

முதல் தொல்லை மூக்கில் வந்தது. ஓராண்டு முடிவதற்குள் மூக்குத் தாங்கிகளைப் பிடித்திருக்கும் சிறு கம்பிகளில் பச்சைக் களிம்பு ஏறி, தாங்கிகள் மஞ்சளாகிவிட்டன. இவ்வகை பிரேம்களுக்குப் பரவலாகப் பயன்படும் உலோகம் நிக்கலும் செம்பும் கலந்தது. மேற்பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வையும் உப்புக்காற்றும் செம்பைத் தொட்டால் பச்சை பூக்காமல் என்ன செய்யும்? மதுரைக் கடையில் இலவசமாகவே புதுத் தாங்கிகளை மாட்டிக் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. ஆனால் அதற்காகத் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்வந்த பேருந்துச் செலவில் பத்து ஜோடி தாங்கிகள் வாங்கியிருக்கலாம். அதன் பிறகு உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் 40 ரூபாய்க்கு மாற்றிக்கொள்வதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

உண்மையான சோதனை 2019 பிப்ரவரியில், உத்தரவாதம் முடிய இரண்டு மாதமே இருந்தபோது வந்தது. இடப்பக்க லென்ஸின் கீழ் விளிம்பில், எண்ணெய் படிந்த தண்ணீரைப் போல ஒரு வானவில் நிறம் தோன்றி, இரண்டு வாரத்தில் நகக்கண் அளவுக்கு உள்ளே பரவியது. துடைத்தால் போகவில்லை. அடுக்கு பிரிந்துவிட்டது என்று உள்ளூர்க் கடைக்காரர் பார்த்தவுடனே சொன்னார். மதுரைக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே, "சார், இது உப்புத்தண்ணியாலயும் சூட்டாலயும் வந்த டேமேஜ், கம்பெனி ஒத்துக்காது" என்றார். உத்தரவாத அட்டையில் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பு என்றும், கீறல், கீழே விழுந்த சேதம், இயல்பான தேய்மானம் ஆகியவை சேராது என்றும் எழுதியிருந்தது. அடுக்கு பிரிவது இவற்றுள் எதில் சேரும் என்பதுதான் வழக்கு.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடிய காரின் டேஷ்போர்டு நம் ஊர் வெயிலில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்; அங்கே வைத்த கண்ணாடியின் பசை இளகினால் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் கார் இல்லை. கண்ணாடி முகத்தில் இல்லாத நேரமெல்லாம் உறைக்குள்தான் இருந்தது. அதைவிட முக்கியமாக, இரண்டு லென்ஸும் ஒரே வெயிலையும் ஒரே உப்பையும்தான் பார்த்தன. ஒன்று மட்டும் பிரிந்து மற்றொன்று அப்படியே இருக்கிறதென்றால், பிரிந்ததில் ஒட்டும்போதே குறை இருந்திருக்கும் என்பதுதானே நியாயம்? இதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதி, இரண்டு லென்ஸையும் அருகருகே வைத்து எடுத்த நான்கு படங்களுடன் கடை வழியாகவும் மின்னஞ்சலிலும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். கோபமாக எழுதவில்லை. தேதிகளையும் அளவுகளையும் மட்டும் எழுதினேன்.

இங்கே பில்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோரிக்கையுடன் அசல் பில்லைக் கேட்டார்கள். இரண்டு ஆண்டு பத்திரப்படுத்திய உறையைத் திறந்தால், வெப்பத்தாளில் அச்சிட்ட பில் வெள்ளைத் தாளாக இருந்தது. கடையின் பெயர்கூடத் தெரியவில்லை. பணத்தை அட்டையில் செலுத்தியிருந்ததால் வங்கிக் கணக்கு அறிக்கையில் தேதியும் தொகையும் இருந்தன. அதை வைத்துக் கடைக்காரர்கள் தங்கள் கணினியில் தேடி மறுபடியும் பில் எடுத்துக் கொடுத்தார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் கடை வாசலிலேயே பில்லைப் படம் எடுத்துக்கொள்கிறேன். காய்கறிக் கடையில்கூட என் கை பாக்கெட்டுக்குள் போவதைப் பார்த்து மனைவி சிரிக்கிறார்.

முப்பத்தெட்டு நாள் கழித்துக் கண்ணாடி திரும்பி வந்தது. கோரிக்கையை ஏற்று இடப்பக்க லென்ஸை இலவசமாக மாற்றியிருந்தார்கள். மகிழ்ச்சியோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தால், உலகம் இரண்டு நிறமாக இருந்தது. இரண்டு ஆண்டு வெயில் குடித்த வலப்பக்க லென்ஸ் சற்று வெளிறியிருந்ததை, பக்கத்தில் புது லென்ஸ் வந்த பிறகுதான் கண் கண்டுபிடித்தது. இன்னொரு கண்ணுக்கும் மாற்றித் தரக் கேட்டதற்கு, குறையில்லாத லென்ஸை உத்தரவாதத்தில் மாற்ற இயலாது என்று பதில் வந்தது; சட்டப்படி அது சரியான பதிலாகவே இருக்கலாம், ஆனால் கண்ணாடியை ஒரு முறையாவது போட்டுப் பார்த்தவர் அனுப்பிய பதிலாக அது தெரியவில்லை. கடைசியில் 1,600 ரூபாய் கொடுத்து வலப்பக்க லென்ஸையும் மாற்றினேன். அதற்கு இன்னொரு மூன்று வாரம். லென்ஸ் மாற்றுவதென்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அது என் தவறு.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் சண்டையில்லாமல் கழிந்தன. 2022-இல் லென்ஸ் முழுவதும் நுண்கீறல்களாகி, மாலை வெயிலில் எதிரே வரும் லாரி மங்கலாகத் தெரியத் தொடங்கியது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. உப்புப்பொடி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் உலர்வாகத் துடைத்தால் அது துடைப்பதன்று, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். பற்பசையால் தேய்த்தால் கீறல் மறையும் என்று சொன்ன நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஓரத்தில் முயன்று பார்த்தேன். கீறல் அப்படியே இருக்க, மேற்பூச்சு மட்டும் போனது.

இம்முறை உள்ளூர்க் கடையில் 900 ரூபாய்க்கு லென்ஸ் வெட்டிப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நிறுவனத்தின் அசல் ஜோடிக்கு 3,700 ரூபாய். நான் அசலையே தேர்ந்தேன். காரணம் பெருமையன்று. லென்ஸ் கருமையாக இருந்து புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்காமல் விட்டால், இருட்டில் விரிந்த கண்ணின் பாவைக்குள் அந்தக் கதிர் கூடுதலாகப் போகும். அது கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசம். 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள அந்தக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு உள்ளூர்க் கடைக்காரரிடம் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு அவர் கல்லாவிலேயே இருந்தது. விளக்குக்கும் நோட்டுக்கும் இடையே லென்ஸைப் பிடித்தால் நோட்டின் ஒளிரும் இழைகள் அணைய வேண்டும். அவர் காட்டிய லென்ஸில் அவை மங்கலாக ஒளிர்ந்தன. துல்லியமான சோதனை இல்லைதான், ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

அசல் லென்ஸ் வந்ததும் அதையும் நம்பிவிடவில்லை. பழைய லென்ஸ்களைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். புதியதன் முன் பழையதை வைத்து மெல்லச் சுழற்றினால், 90 டிகிரியில் இரண்டும் சேர்ந்து கரியைப் போல இருண்டன. போலரைஸ்டு படலம் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை. திருகு, மூக்குத் தாங்கி, வளைந்த தண்டை நிமிர்த்துவது ஆகியவற்றுக்கு உள்ளூர்க் கடையும், லென்ஸுக்கு மட்டும் நிறுவனமும் என்று அப்போது வகுத்துக்கொண்ட பங்கீடு இன்றும் தொடர்கிறது.

2024 ஜூலையில் வண்டியை நிறுத்தும்போது கண்ணாடி கீழே விழுந்து, இரண்டு லென்ஸ் வளையங்களையும் இணைக்கும் பாலத்தின் பற்றுவைப்பு விட்டுப்போனது. பணம் கொடுத்தே மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனத்தைக் கேட்டேன். அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, முன்பகுதி பிரேம் கையிருப்பில் இல்லை, பதிலாகப் புதுக் கண்ணாடி எதை வாங்கினாலும் 25 விழுக்காடு தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். மாற்றித் தருவது என்ற சொல்லுக்கு, உத்தரவாதம் முடிந்த பிறகு, தள்ளுபடி விலையில் இன்னொன்றை விற்பது என்றே பொருள் போலும். பண்டிகைக் காலத்தில் கடையில் பலகை வைத்தே கொடுக்கும் தள்ளுபடி அது. ஏழாண்டு பழைய பொருளுக்கு இலவசம் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் குறை. உத்தரவாதக் காலத்துக்குள் இப்படி அலைக்கழிப்பவர்களைப் பற்றி முறையிட இப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. என் நிலையில் அதற்கும் இடமில்லை.

தள்ளுபடியை மறுத்துவிட்டு, நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸ்களைக் கழற்றச் சொல்லிவிட்டு, வெள்ளிப் பற்று வைத்து ஊதி, 150 ரூபாய் வாங்கினார். சூடு பட்ட இடத்தில் அரை அங்குலத்துக்கு மேற்பூச்சு கருகியிருக்கிறது. நிறமற்ற நகப்பூச்சு தடவி வைத்திருக்கிறேன். டைட்டானியம் பிரேமாக இருந்திருந்தால் தன்னால் ஆகியிருக்காது, அதற்கு லேசர் வேண்டும் என்று அவரே சொன்னார். விலை கூடிய பிரேம் பழுதுபார்க்க எளிதாக இருக்கும் என்ற என் எண்ணம் அன்று மாறியது.

இந்த ஆண்டு தொடக்கத்தில், பழையது எந்த நாளும் கைவிடலாம் என்ற எண்ணத்தில், இன்னொரு கண்ணாடி வாங்கினேன். வேறு நிறுவனம், 5,200 ரூபாய். கடையில் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன், லென்ஸ் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேட்டேன். முதல் இரண்டு கடைகளில் பதில் இல்லை. மூன்றாவது கடையில் விலைப்பட்டியலையே எடுத்துக் காட்டினார்கள், அங்கேயே வாங்கினேன். தண்டின் உட்புறத்தில் இருக்கும் மாடல் எண்ணையும், லென்ஸ் அகலம், பாலம், தண்டு நீளம் ஆகியவற்றைக் குறிக்கும் 58, 14, 135 என்ற மூன்று எண்களையும் அன்றே எழுதிவைத்தேன். வியர்வையில் முதலில் அழிவது அந்த அச்சுதான், அது இல்லாமல் எந்த நிறுவனமும் லென்ஸ் அனுப்பாது. பழைய கண்ணாடி உப்பளத்துக்கும் புதியது ஊருக்குள்ளும் என்று வைத்திருக்கிறேன். பட்டறையில் வைத்த பற்று ஓராண்டைத் தாண்டி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.