யு வடிவமா, இசட் வடிவமா?

அடுக்கிய தட்டுகளின் இடைவெளிகளில் ஓடும் இரு திரவங்கள் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் கருவியான பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் திரவம் உள்ளே போகும் வாயும் வெளியே வரும் வாயும் ஒரே முனையில் இருந்தால் யு, எதிரெதிர் முனையில் இருந்தால் இசட். பார்க்க இசட்தான் நியாயமாகத் தெரியும், எந்த வழியாகப் போனாலும் பாதையின் நீளம் ஒன்றுதானே.

ஆனால் ஹெட்டர், அதாவது திரவத்தைப் பிரித்துக் கொடுக்கும் அல்லது சேர்த்து வாங்கும் பொதுக் குழாய், குறுகலாகி வேகம் கூடினால் கதை மாறும். உள்ளே வரும் ஹெட்டரில் ஒவ்வொரு சேனலாக (தட்டுகளுக்கு இடையிலான வழியாக) திரவம் பிரியப் பிரிய வேகம் குறைந்து கடைசியில் அழுத்தம் ஏறுகிறது. இசட்டில் அதே கடைசிப் பக்கம்தான் வெளியேறும் வாய், அங்கே வேகம் கூடி அழுத்தம் இறங்குகிறது. ரெண்டும் சேர்ந்து கடைசி சேனல்களில் ஓட்டத்தைக் குவித்துவிடும். யு-வில் இரண்டு ஹெட்டரிலும் அழுத்தம் வாய் இல்லாத உள்முனை நோக்கி ஏறுவதால் பெருமளவு ஈடாகிவிடும், முதல் சேனல்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

சரி, இதனால் என்ன நஷ்டம்? சுவர் வெப்பநிலை மாறாது, லேமினார் (சுழிப்பில்லாத சீரான) ஓட்டம், என்டியு (ஓட்டத்தோடு ஒப்பிட்டால் வெப்பம் கடத்தும் வசதி எவ்வளவு என்ற அளவு) 1 என்று வைத்துக்கொள்வோம். பாதி சேனலில் ஒன்றரை மடங்கு, மீதியில் அரை மடங்கு ஓடினால் 63 சதவீதத் திறன் (மாறக்கூடிய அதிகபட்ச வெப்பத்தில் உண்மையில் மாறும் பங்கு) 58-க்கு இறங்கும், ஏனென்றால் கூடுதல் ஓட்டம் தரும் லாபம் குறைந்த ஓட்டத்தின் இழப்பை ஈடுகட்டாது.

என் ஓட்டு யு-வுக்கு. ஹெட்டரில் வேக மாற்றத்தின் விளைவைவிட உராய்வுதான் பெரிது என்றால் மட்டும் இசட்.