ஹெரால்டின் டிரன்னியன்: கிரீஸ் வேண்டாம், ஆயில் விடுங்கள்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. என் ஹெரால்ட் அந்த வாரம்தான் வொர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பியிருந்தது. பழைய பிரிட்டிஷ் கார்களை மட்டுமே எடுத்துச் செய்கிற இடம் அது. டிங்கரிங் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வயரிங்கும் சுத்தம். ஆனால் பில்லின் கடைசியில் 'முன்பக்கம் கிரீஸிங்' என்று ஒரு வரி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முன்சக்கரங்களைத் தாங்கித் திரும்ப விடுகிற வெண்கலக் கட்டிகளான இரண்டு டிரன்னியனிலும் தேன்மெழுகு போலக் கிரீஸ் அடைத்திருந்தது.

ஹெரால்டைப் பற்றி வேறு எதைச் சொல்வதற்கு முன்னாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: டிரன்னியனில் கிரீஸ் போகக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் போக வேண்டும்.

1959-ல் கோவென்ட்ரியில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது, 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சிசி எஞ்சின் என்பதெல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடியே டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், வால்வ் கிளியரன்ஸ் மூன்றையும் பார்த்துவிடலாம். திரும்புவதற்கு 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் போதும். குறுகின தெருவில் ஒரே வெட்டில் வண்டி திரும்பி நிற்கும்போது கிடைக்கிற சந்தோஷத்தை இன்றைய சின்ன கார்கள்கூடத் தருவதில்லை.

முன்சக்கரம் அவ்வளவு தூரம் மடங்குகிறது என்றால், அந்த மடக்கலை முழுக்கத் தாங்குவது டிரன்னியன்தான். வெர்ட்டிகல் லிங்க் என்பது உருக்கில் அடித்த செங்குத்துத் தண்டு. அதன் மேல்முனை பால் ஜாயிண்டில் உட்கார்கிறது. கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை டிரன்னியன் என்கிற வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கிறது. டிரன்னியனை ஒரு போல்ட் கீழ் விஷ்போனோடு, அதாவது சக்கரத்தை சேஸிஸோடு இணைக்கிற கவட்டைக் கையோடு, பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் அமர்ந்திருப்பது கீழ் விஷ்போனில் என்பதால், அந்த மூலையின் பாரம் முழுக்க இந்த மரை வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. பாரத்தைச் சுமந்துகொண்டே திரும்பவும் வேண்டும். அதுவும் முழுச் சுற்று சுற்றுவதில்லை. ஏறத்தாழக் கால் சுற்று போய், திரும்பி வருகிறது. மற்ற சிக்கல்களெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முழுதாகச் சுற்றுகிற பாகத்தில் கிரீஸ் தானாகப் பரவும். இந்தக் கால் சுற்றில் அது பம்ப் தள்ளிவிட்ட இடத்திலேயே நின்றுவிடும். சில மாதங்களில் கிரீஸிலுள்ள எண்ணெய் பிரிந்து போய், சோப்புக் கசடு மட்டும் மிஞ்சி மரைப் பள்ளத்தில் காய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புதுக் கிரீஸ் அடித்தாலும் அது சுலபமான வழியில் வெளியே வந்துவிடுமே தவிர மரைக்குள் ஏறாது. வெளியே கிரீஸ் பிதுங்குவதைப் பார்த்து 'நிரம்பிவிட்டது' என்று மெக்கானிக் துடைத்துவிட்டுப் போய்விடுவார். மேலே இருக்கிற ரப்பர் சீல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். காய்ந்த மரைக்குள் தண்ணீர் தங்கினால் வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, உருக்குதான் துருப்பிடிக்கும். துரு தின்ற சின்னக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். மரை முடிந்து தண்டு தொடங்குகிற கழுத்தில்தான் அழுத்தம் அதிகம், ஒடிவதும் அங்கேதான். ஒடிந்தால் அந்தச் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிக்கொள்ளும்.

பெரும்பாலும் இது பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது நடக்கிறது. நின்ற வண்டியில் ஒடித்தால் மரைக்கு வரும் முறுக்கு அப்போதுதான் உச்சம். நிற்கும்போது ஒடிந்தால் பிழைத்தோம். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆயில் அப்படியில்லை. மரை நெடுகத் தானாக வழிந்து பரவும், கட்டி சேராது. உள்ளே ஆயில் நிரம்பியிருந்தால் தண்ணீருக்கு இடமில்லை. புது ஆயில் அடிக்கும்போது பழையது மேல் சீல் வழியாக வெளியே வரும். உள்ளே என்ன நிலைமை என்பதை அதன் நிறமே சொல்லிவிடும். கறுப்பாக வந்தால் சாதாரணத் தேய்மானம். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நிறம் தெளியும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். செங்கல் பொடி கலந்த மாதிரி வந்தால் பம்ப்பை நிறுத்திவிட்டுக் கழற்றிவிடுங்கள். அது துரு.

வேலை எளிதுதான், பொறுமை வேண்டும், அவ்வளவே. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரம் இரண்டும் தொங்க வேண்டும். பாரம் இறங்கினால்தான் மரையின் இறுகிய பக்கத்தில் இடைவெளி விழும். டிரன்னியன் உடம்பில் ஒரு சிறு பிளக் இருக்கும். அதைக் கழற்றி, கன்னைப் பொருத்துகிற சின்ன முனையான நிப்பிளை மாட்டி ஆயிலைச் செலுத்துங்கள். அடிக்கும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். மேல் சீல் ஓரமாகச் சுத்தமான ஆயில் சுற்றிலும் கசிந்தால் முடிந்தது. நிப்பிளைக் கழற்றி பிளக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். நிப்பிளை அப்படியே விட்டால் அடுத்த மெக்கானிக் அதைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைத்தான் தேடுவார். நிப்பிள் மரை அங்குல அளவு. மெட்ரிக் நிப்பிள் இரண்டு சுற்று ஏறுவது போலப் போக்குக் காட்டும், நம்பித் திருகினால் வெண்கல மரை போய்விடும். சாதாரண லீவர் கிரீஸ் கன்னில் ஆயில் ஊற்றினால் பிஸ்டன் ஓரமாக வழிந்து முழங்கைவரை வரும்; அதற்கென்று நல்ல சீல் உள்ள சின்ன கன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் கிரீஸ் ஒருநாளும் போகக் கூடாது.

ஆயில் ஈபி 90, ஜிஎல்-4 தரம் வாங்குங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை என்பது என் கணக்கு. ஐப்பசி மழையில் தேங்கின தண்ணீரில் இறங்கி வந்தால் கணக்குப் பார்க்காமல் அந்த வாரமே அடித்துவிடுகிறேன்.

கிரீஸ் ஏற்கெனவே போயிருந்தால்? மேலேயே ஆயிலை அடித்துத் தள்ளிவிடலாம் என்பார்கள். ஓரளவுக்கு வரும், முழுக்க வராது. கழற்றித்தான் ஆக வேண்டும். சக்கரத்தை எடுத்து, டை ராட் எண்டைப் பிரித்து, பிரேக் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, டிரன்னியன் போல்ட்டையும் மேல் பால் ஜாயிண்ட் நட்டையும் எடுத்தால் ஹப்போடு லிங்க் மொத்தமாக வெளியே வரும். ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்தே நிற்பதால் இந்த வேலைக்கு ஸ்பிரிங் கம்ப்ரசர் தேவையில்லை. ஆனால் டிரன்னியன் போல்ட் சுலபத்தில் வராது. உள்ளே இருக்கிற இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் விஷ்போன் காது வளையும். இரண்டு பக்கமும் ஹாக்ஸா பிளேடு விட்டு அறுத்து எடுப்பதே சரி. போல்ட், நைலான் புஷ், குழாய், வாஷர், சீல் எல்லாம் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும்.

லிங்க்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் மரை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழுத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது மாட்டினால் அந்த லிங்க் வேண்டாம். மாட்டாவிட்டாலும் டை பெனட்ரன்ட் போட்டுப் பாருங்கள்; வெல்டிங் சாமான் கடையில் ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கிறது. சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிஷம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். நல்ல தண்டு வெள்ளையாகவே நிற்கும். கெட்டதில் கழுத்தைச் சுற்றி, தலைமுடி அளவில், சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊறி வரும். அதுவரை கண்ணுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்தவர்கள் கிரீஸ் கன்னை டிரன்னியன் பக்கம் கொண்டுபோகவே மாட்டார்கள்.

ஒரு பக்கத்து டிரன்னியனுக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. மாறாமல் கட்டி வையுங்கள். புது டிரன்னியன் வாங்கினால் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை: அடியில் ஒரு தகட்டு மூடி அடித்திருப்பார்கள், அது பல டிரன்னியன்களில் கசிகிறது. ஆயில் ஊற்றி ராத்திரி முழுக்கச் செய்தித்தாள் மேல் நிறுத்தி வையுங்கள். காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் ஆயிலைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, மூடி ஓரத்தை ஈயம் வைத்தோ எபாக்சி வைத்தோ அடைத்தால் போதும். உள்ளூர் லேத்தில் கடைந்த பித்தளை டிரன்னியன்களும் கிடைக்கின்றன. நான் கையில் எடுத்துப் பார்த்தவை புதிதாக இருக்கும்போதே மரையில் ஆடின. இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது செலவுதான், கஸ்டம்ஸ் வேறு. ஆனால் இதே டிரன்னியன் குடும்பம் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் என்று பல வண்டிகளில் ஓடுவதால் அங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை. லோட்டஸ் எலான்கூட டிரையம்ஃபின் லிங்க்கைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டது.

மாட்டும்போது டிரன்னியனை லிங்க்கில் அடிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் எடுத்து விஷ்போனுக்கு நேராக வையுங்கள். இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே போல்ட் போட வேண்டும். விஷ்போனின் உள்பக்க ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏற்றிய பின்தான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வொர்க்‌ஷாப்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இதே வண்டியின் ஸ்டியரிங் ரேக்கிலும் ஒரு பிளக் உண்டு, அதற்குக் கிரீஸ்தான். அம்பாசடரும் பத்மினியும் பார்த்துத் தேர்ந்த கைகளுக்கு முன்பக்கம் என்றாலே கிரீஸ்தான். ஆனால் பழைய பிரிட்டிஷ் கார் மட்டுமே செய்கிறோம் என்று போர்டு வைத்தவர்கள் ஹேண்ட்புக்கின் லூப்ரிகேஷன் படத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். ஹைப்பாய்டு ஆயில், அதாவது கியர் ஆயில், என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பெயிண்ட்டில் ஒரு தூசி விழாமல் வேலை செய்தவர்கள், உயிரைத் தாங்குகிற மரையில் கவனம் வைக்கவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நண்பருக்கு இப்போதைக்கு என் பதில், வேண்டாம் என்பதே. வண்டி அருமையானது, நான் விற்கப் போவதில்லை. ஆனால் இதைத் தானே செய்துகொள்ளவோ, பக்கத்தில் நின்று செய்ய வைக்கவோ நேரமில்லாதவர் இந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

எடுத்தே தீருவேன் என்றால், பெயிண்ட்டைப் பார்ப்பதற்கு முன் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றச் சொல்லுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று கவனியுங்கள். வராமல் அங்கேயே நின்றால் மரை பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பிறகு டிரன்னியன் பிளக்கைக் கழற்றி ஒரு குச்சியை விட்டு எடுங்கள். ஆயில் சொட்டினால் விலை பேசலாம். கிரீஸ் ஒட்டி வந்தால் இரண்டு பக்க லிங்க், டிரன்னியன், கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துக்கொண்டு, வண்டியை ஓட்டி வராமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.